ஒயின் லிஸ்ட்டைக் கண்டு ஓடாதீர்!

இந்த ஆண்டு மலருக்கு என்ன எழுதப் போறே என்று கேட்டார்கள். ஒயின் லிஸ்ட் பற்றி என்றேன். மெக்கானிக்கல்காரர்கள் விசில் அடித்தார்கள். சிவில்காரர்கள் ‘சாம்பிள் உண்டா?’ என்றார்கள். பேரவைச் செயலாளர் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘பிரின்சிபால் படிப்பார்டா, பாத்து எழுது’ என்றார். பார்த்தேதான் எழுதுகிறேன். ஓட்டல் மேனேஜ்மென்ட் டிப்ளமோவில் இதுவும் ஒரு பாடம். உங்களுக்கு லேத் மாதிரி, எங்களுக்கு இது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வயசு 18. தமிழ்நாட்டில் மது வாங்கச் சட்டப்படி 21 ஆகவேண்டும். நான் குடித்ததில்லை. குடிக்காதவனுக்கு ஒயினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். தென்னேரியில் எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. அப்பா நெய்கிற பட்டுப் புடவையை எங்கள் வீட்டில் யாரும் கட்டியதில்லை. அதனால் அப்பாவுக்குப் புடவை தெரியாது என்று ஆகிவிடுமா? கடைக்காரர் பிரித்துப் போட்டு என்ன பேசினாலும், ஓரத்தை விரலால் தடவியே இது கோர்வையா, சும்மா கரையா என்று சொல்லிவிடுவார். தொழில் தெரிவது வேறு, அனுபவிப்பது வேறு.

நம்ம பக்கம் ‘ஒயின் ஷாப்’ என்ற பேர் இன்னும் போகவில்லை. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்ட பிறகும் வாயில் அதே பேர்தான் வருகிறது. ஆனால் அங்கே போய் ஒயின் கேட்கிறவர் அபூர்வம். ஓடுவதெல்லாம் பிராந்தியும் ரம்மும் பீரும்தான். பிராந்தி என்பது காய்ச்சி வடித்தது, நூற்றுக்கு 40 பங்குக்கு மேலேயே ஆல்கஹால். ஒயின் என்பது திராட்சைச் சாறு தானாகப் புளித்து நிற்பது, பெரும்பாலும் 12 முதல் 14 பங்கு. மாவு பொங்குகிறதே, அதே மாதிரி ஈஸ்ட் செய்கிற வேலைதான். சர்க்கரையைத் தின்றுவிட்டு ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் விடுகிறது. சர்க்கரை முழுக்கத் தீர்ந்தால் அது ‘டிரை’ ஒயின். கொஞ்சம் மிச்சம் இருந்தால் இனிப்பு ஒயின். ‘டிரை’ என்றால் காய்ந்தது என்று அர்த்தம் இல்லை, இனிப்பு இல்லை என்று அர்த்தம். இது வைவாவில் கட்டாயம் கேட்கிற கேள்வி, ஜூனியர்கள் குறித்துக்கொள்ளவும்.

தமிழனுக்கு ஒயின் புதுசா என்றால் அதுவும் இல்லை. புறநானூற்றில் 56-ஆம் பாட்டு, நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடியது. யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் பெண்கள் ஏந்திக் கொடுக்க அரசன் அருந்தும் காட்சி அதில் வருகிறது. சர்வீஸ் முறை கூட இருக்கிறது பாருங்கள்! 1945-இல் மார்டிமர் வீலர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டியபோது மத்தியதரைக்கடல் பக்கத்து ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. இரண்டு கைப்பிடியும் கூர் அடியுமாக இருக்கும் அந்த ஜாடிகளில்தான் அந்தக் காலத்தில் ஒயின் கப்பலேறி வந்தது. இன்றைக்குச் சென்னை ஸ்டார் ஓட்டலில் இத்தாலி பாட்டிலைத் திறப்பது அதன் தொடர்ச்சிதான் என்று எங்கள் ஆசிரியர் சொல்வார். கொஞ்சம் ஓவர்தான், இருந்தாலும் கேட்க நன்றாக இருக்கிறது.

சரி, லிஸ்ட்டுக்கு வருவோம். தோல் அட்டை போட்டு, கல்யாண ஆல்பம் கனத்தில் இருக்கும். திறந்தவுடன் முக்கால்வாசிப் பேருக்குக் கண் வலதுபக்கம்தான் போகும், அதாவது விலைக்கு. மிச்சமெல்லாம் ஏதோ லத்தீன் மந்திரம் மாதிரி தெரியும். உண்மையில் ஒவ்வொரு வரியிலும் நாலே நாலு விஷயம்தான் இருக்கிறது. யார் செய்தது, எந்தத் திராட்சை, எந்த ஊர், எந்த வருஷம். அவ்வளவுதான்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஐரோப்பாக்காரர்கள் பெரும்பாலும் திராட்சையின் பேரைப் போடுவதில்லை, ஊர்ப் பேரை மட்டும் போடுவார்கள். ஷாப்ளி என்று போட்டிருந்தால் அது பிரான்சில் ஒரு ஊர். உள்ளே இருப்பது ஷார்டனே திராட்சை. சான்செர் வெள்ளை என்றால் சொவின்யோன் பிளாங். இத்தாலியில் பரோலோ என்றால் நெபியோலோ, கியாண்டி என்றால் பெரும்பங்கு சாஞ்சோவேசே. ஸ்பெயினில் ரியோஹா சிவப்பு என்றால் முக்கியமாக டெம்ப்ரனியோ. ஆஸ்திரேலியா, சிலி, நம்ம இந்தியா எல்லாம் நேராகத் திராட்சைப் பேரையே போட்டுவிடும். ஷிராஸ், மெர்லோ, ஷெனின் பிளாங் என்று.

இது காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்குப் புரியாமல் இருக்குமா? காஞ்சிப் பட்டு, ஆரணிப் பட்டு, பனாரஸ் என்று ஊரை வைத்துச் சொல்கிறோம். ஊர்ப் பேரைச் சொன்னாலே நூல் என்ன, நெசவு என்ன, கனம் என்ன என்று தெரிந்தவருக்குத் தெரிந்துவிடும். தெரியாதவருக்கு ‘மல்பெரிப் பட்டு, வெள்ளிச் சரிகை, இத்தனை கிராம்’ என்று பிரித்துச் சொல்லவேண்டும். ஷாப்ளி என்பது ‘காஞ்சிபுரம்’ மாதிரி. ஷார்டனே என்பது ‘மல்பெரிப் பட்டு’ மாதிரி. நம்ம பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் நெய்து காஞ்சிபுரம் என்று விற்கக் கூடாது. ஷாம்பெயின் கதையும் அதேதான். பிரான்சில் ஷாம்பெயின் வட்டாரத்தில், பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை புளிக்கவைத்துச் செய்தால்தான் அந்தப் பேர். நாசிக்கில் அதே முறையில் செய்தாலும் ‘ஸ்பார்க்லிங் ஒயின்’ என்றுதான் போடமுடியும். அதற்காக அது மட்டம் என்று ஆகாது.

நம்ம நாட்டு ஒயின்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சென்னையில் எந்தப் பெரிய ஓட்டல் லிஸ்ட்டிலும் முதலில் கைக்கெட்டுகிற விலையில் இருப்பது இவைதான். கன்வல் குரோவர் பெங்களூருக்குப் பக்கத்தில் நந்தி மலை அடிவாரத்தில் 1980-களின் கடைசியில் பிரெஞ்சுத் திராட்சைக் கொடி நட்டார். ‘லா ரிசர்வ்’ என்ற சிவப்பு அங்கேயிருந்து வந்தது. கேபர்னே சொவின்யோனும் ஷிராஸும் கலந்தது. 2012-இல் நாசிக் பக்கத்துக் கம்பெனியோடு சேர்ந்து ‘குரோவர் ஜம்பா’ ஆயிற்று. ராஜீவ் சாமந்த் என்பவர் அமெரிக்காவில் என்ஜினீயரிங் படித்து வேலையும் பார்த்துவிட்டு, திரும்பி வந்து நாசிக்கில் சுலா தொடங்கினார். (என்ஜினீயரிங் நண்பர்கள் கவனிக்க!) அவர்களுடைய முதல் ஒயின் 2000-இல் வந்தது. 2022 டிசம்பரில் அந்தக் கம்பெனி பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. சோலாப்பூர் மாவட்டம் அக்லுஜ் பக்கம் ஃபிராடெல்லி. அவர்களின் ‘செட்டே’, சாஞ்சோவேசேயும் கேபர்னேயும் கலந்த சிவப்பு. ஹம்பி பக்கம் கிருஷ்மா.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பிரான்சில் திராட்சை அறுவடை செப்டம்பர் வாக்கில். நாசிக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை! நம்ம கோடையிலும் மழையிலும் பழுத்தால் அழுகிப்போகும் என்பதால், மழை முடிகிற சமயம் கொடியை வெட்டிவிட்டு, குளிர்காலத்தில் பழுக்க விடுகிறார்கள். ஏப்ரல் வாக்கில் இன்னொரு முறை வெட்டுவார்கள். நம்ம தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் காய்த்துக்கொண்டே இருக்கும். மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை அது. 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால் அது பெரும்பாலும் சாப்பிடவும் ஜூசுக்கும் போகிற பழம். ஸ்டார் ஓட்டல் லிஸ்ட்டில் அதைத் தேடவேண்டாம்.

வருஷத்தைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் நம்ம ஆட்களிடம் இருக்கிறது. பழசானால் உசத்தி என்று. ஊறுகாய் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். உலகத்தில் செய்கிற ஒயினில் பெரும்பாலானது ஓரிரு வருஷத்தில் குடிக்கவே செய்யப்படுகிறது. இந்திய வெள்ளை ஒயினில் ஆறேழு வருஷம் பழசு லிஸ்ட்டில் இருந்தால் அது விற்காமல் கிடக்கிறது என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம். அதுவும் மின்தடையில் ஸ்டோரில் கிடந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ‘ரிசர்வ்’ என்ற வார்த்தைக்கும் மயங்கவேண்டாம். ஸ்பெயினின் ரியோஹாவில் அதற்குச் சட்டம் இருக்கிறது. சிவப்பில் ‘ரிசர்வா’ என்றால் குறைந்தது 3 வருஷம், ‘கிரான் ரிசர்வா’ என்றால் 5 வருஷம் வைத்திருந்து வெளியே விடவேண்டும். பல நாடுகளில் அது கடைவீதியில் எழுதுகிற ‘ஸ்பெஷல்’ மாதிரி ஒரு வார்த்தை, அவ்வளவே.

இனி விலை. இதில்தான் எல்லாருக்கும் வியர்க்கிறது. கணக்குக்காக ஒரு பாட்டிலை ஓட்டல் ஆயிரம் ரூபாய்க்கு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். லிஸ்ட்டில் அது இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம் என்று நிற்கும். கொள்ளை என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் கண்ணாடிக் கோப்பை உடைவது, குளிர்சாதனம், லைசென்ஸ் கட்டணம், வரி, எங்களை மாதிரி ஆட்களின் சம்பளம் எல்லாம் அதில்தான் வருகிறது. குடிக்கிற மது ஜி.எஸ்.டி.யில் வராது. மாநில வரி தனி. வெளிநாட்டு பாட்டில் என்றால் துறைமுகத்திலேயே 150 சதவீதச் சுங்கவரி பல வருஷமாக இருந்து வந்தது. ஆஸ்திரேலியாவோடு போட்ட ஒப்பந்தம் 2022 டிசம்பரில் அமலுக்கு வந்து, ஒரு குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்ட அந்த நாட்டு பாட்டில்களுக்கு வரி படிப்படியாகக் குறையத் தொடங்கியது. ஆக வெளிநாட்டு ஒயினுக்குக் கொடுக்கிற பணத்தில் பெரும்பங்கு பழத்துக்குப் போவதில்லை. அதே பணத்துக்கு இந்திய ஒயினில் ஒரு படி மேலே உள்ளதை வாங்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

‘இருப்பதிலேயே மலிவானதைச் சொன்னால் கௌரவக் குறைச்சல், அதனால் இரண்டாவது மலிவானதைச் சொல்லு’ என்று ஒரு பழக்கம் உலகம் முழுக்க உண்டாம். ஓட்டல்காரன் அது தெரிந்து அதில்தான் லாபத்தை ஏற்றி வைப்பான் என்று கூடவே ஒரு பேச்சும் உண்டு. லண்டன் உணவகங்களின் லிஸ்ட்டுகளை எடுத்து இரண்டு பொருளாதார ஆசிரியர்கள் 2021-இல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அந்தப் பேச்சு உண்மை இல்லை என்று தெரிந்தது. மலிவானதிலும் மிக விலையுயர்ந்ததிலும் லாப விகிதம் குறைவு. நடுவில் இருப்பவற்றில்தான் அதிகம்! ஆகவே மலிவான முதல் வரியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். கடையின் பேர் அதில்தான் நிற்கிறது என்பதால் கண்டதையும் அதில் போடமாட்டார்கள்.

ருசி விஷயத்துக்கு வந்தால் நமக்கு இங்கிலீஷ்காரரை விட ஒரு வசதி. சிவப்பு ஒயினில் ‘டானின்’ என்று ஒன்று வரும். தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்குவது. அதை விளக்கப் புத்தகங்கள் அரைப்பக்கம் எழுதுகின்றன. நமக்கு ஒரே வார்த்தை, துவர்ப்பு. கொட்டைப்பாக்கு, வாழைப்பூ, ஆறிப்போன டீ டிகாஷன். நாக்கைப் பிடித்து இழுக்குமே, அதுதான். அறுசுவையில் ஒன்றாக வைத்திருக்கிறோம். கேபர்னேயில் துவர்ப்பு அதிகம், பினோ நுவாரில் குறைவு. கொழுப்புள்ள மட்டனோடு துவர்ப்பு அடங்கிப்போகும். ஆனால் செட்டிநாட்டு மிளகாய்க் காரத்தோடு துவர்ப்பும் ஆல்கஹாலும் சேர்ந்தால் வாய் எரியும். காரச் சாப்பாட்டுக்கு ஆல்கஹால் குறைவாக, லேசான இனிப்போடு, நன்றாகக் குளிர்ந்த வெள்ளைதான் சரி. ரீஸ்லிங் அல்லது ஷெனின் பிளாங். புளிக்குழம்புக்கும் மீன் வறுவலுக்கும் புளிப்புத் தூக்கலான சொவின்யோன் பிளாங். எலுமிச்சம்பழம் பிழிகிறோம் அல்லவா, அந்த வேலையை அது செய்யும். மட்டன் சுக்காவுக்குச் சிவப்புதான் வேண்டும் என்றால் ஷிராஸ். ரசத்துக்கு எது என்று யாராவது கேட்டால், தண்ணீர் என்று சொல்லுங்கள்.

‘ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சரில் பரிமாறு’ என்று நோட்ஸில் இருக்கும். யாருடைய ரூம்? ஐரோப்பாக்காரனுடைய ரூம்! 16, 18 டிகிரி. சென்னையில் மே மாதம் அந்த வாக்கியத்தை நம்பினால் 33 டிகிரியில் சுடுசாறு பரிமாறவேண்டியதுதான். சிவப்பையும் கொஞ்ச நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுக்கவேண்டும். வெள்ளைக்கு 8 முதல் 12, ஸ்பார்க்லிங்குக்கு 6 முதல் 8. இதை மனப்பாடம் செய்தால் நாலு மார்க் நிச்சயம்.

இந்தப் படிப்பு எனக்குக் கிடைத்ததே பெரிய விஷயம். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான்தான். முதல் வருஷம் சிலபஸை அப்பாவிடம் படித்துக் காட்டியபோது, ‘குடிக்க ஊத்திக் குடுக்கறதுக்கா ஃபீஸ் கட்டறோம்?’ என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. தறியை விட்டுவிட்டுக் கடை வாசலில் நிற்கிறவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறோம். முன்பணம் வாங்கி, பாவு தறியிலேயே கிடக்க, வீட்டுப் பெண்கள் புட்டாத் தாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த கதையெல்லாம் எங்களுக்குப் புதுசு இல்லை. அந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் தெரியவில்லை. இன்றும் முழுப் பதில் இல்லை. ஆனால் சென்னையில் ஒரு ஓட்டலில் பயிற்சிக்கு இருந்த ஆறு மாதத்தில் ஒன்று பார்த்தேன்.

நல்ல கேப்டன் அதிகமாக விற்பவர் இல்லை. ஒரு நாள் ஒரு குடும்பம் வந்தது. பெண் வீட்டுக்காரர், மாப்பிள்ளை வீட்டுக்காரர், நிச்சயம் பேசி முடித்த மாதிரி தெரிந்தது. பெண்ணின் அப்பா லிஸ்ட்டைக் கையில் வாங்கினார். விரல் நடுங்கியது. என் அப்பா வயசு. கை முழுக்கக் காய்ப்பு. மாப்பிள்ளை பக்கத்தில் ஒருவர் ‘நல்லதா சொல்லுங்க’ என்று சிரிக்கிறார். கேப்டன் குனிந்து, லிஸ்ட்டைத் தன் கையால் திருப்பி, விலை வரியில் ஒரு சின்ன இடத்தை விரலால் தொட்டு, ‘சார், நீங்க பாத்தது இந்த மாதிரிதானே? இன்னிக்கு உங்க சாப்பாட்டுக்கு இதான் சரியா இருக்கும்’ என்றார். அது சுலா ஷெனின் பிளாங். லிஸ்ட்டில் கீழேயிருந்து இரண்டாவது. பெரியவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. மேசையில் வேறு யாருக்கும் விலை தெரியாது. எங்கள் பாடப்புத்தகத்திலும் இது இருக்கிறது: விருந்தாளியின் பட்ஜெட்டை வாய்விட்டுக் கேட்காதே, விரலால் காட்டு. படித்தபோது ஒரு வரியாகப் போயிற்று.

அதே மாதிரிதான் உச்சரிப்பும். மெர்லோவில் கடைசி ‘ட்’ ஒலிக்காது. போர்தோவில் கடைசி எழுத்து சும்மா நிற்கும். விருந்தாளி ‘மெர்லாட்’ என்றால் நாம் ‘ஓ, மெர்லோவா சார்?’ என்று திருத்தக் கூடாது. லேபிளைக் காட்டி, ‘இதுதானே சார்’ என்றால் முடிந்தது. நம்ம ‘ழ’வை அவர்கள் சொல்கிற லட்சணத்தை நாம் பொறுத்துக்கொள்ளவில்லையா?

பரிமாறுகிற முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாளைக்கு நீங்களே விருந்தாளியாகப் போவீர்கள். பாட்டிலை முதலில் ஆர்டர் செய்தவருக்குக் காட்டுவார்கள். பேரையும் வருஷத்தையும் பாருங்கள், நீங்கள் கேட்டதுதானா என்று. பிறகு திறந்து, கோப்பையில் ஒரு மடக்கு மட்டும் ஊற்றுவார்கள். பலர் இதை ‘பிடிச்சிருக்கா?’ என்று கேட்பதாக நினைக்கிறார்கள். இல்லை. கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கத்தான். சில கார்க்குகளில் இருக்கும் ஒரு வேதிப்பொருளால் ஒயினில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். முகர்ந்தாலே போதும். எனக்கும் இதை மூக்கால்தான் கற்றுக்கொடுத்தார்கள். மழையில் ஊறிய பாவு அட்டை வாடை தெரிந்தவனுக்கு இது சுலபம். அந்த வாடை இருந்தால் தைரியமாகத் திருப்பிக் கொடுக்கலாம், வேறு பாட்டில் தருவார்கள். ‘நினைச்ச மாதிரி இல்லை’ என்பது திருப்பிக் கொடுக்கக் காரணம் ஆகாது. திருகு மூடி போட்ட பாட்டிலில் இந்தத் தொல்லை மிக அபூர்வம். திருகு மூடி என்றால் மட்டம் என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். கோப்பையைத் தண்டில் பிடிக்கவேண்டும், கிண்ணத்தில் பிடித்தால் கைச்சூடு ஏறும்.

எனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்வதற்கு எந்த நாட்டிலும் சங்கடப்படத் தேவையில்லை. உங்கள் முன்னால் இருக்கும் கோப்பையை வெயிட்டர் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விடுவார். காரணம் கேட்கமாட்டார், கேட்கக் கூடாது என்றே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கார் ஓட்டப்போகிறவருக்கு இரண்டாவது முறை ஊற்றாமல், பேச்சுக் கொடுத்துக்கொண்டே தண்ணீர்க் கோப்பையை நகர்த்தி வைப்பதும் எங்கள் வேலையில் அடக்கம்.

கடைசியாகக் கணக்கு. பாட்டில் 750 மில்லி. ஒரு கோப்பை 150. ஆக பாட்டிலுக்கு ஐந்து கோப்பை. இரண்டு பேர் ஆளுக்கு ஒன்றே குடிப்பதானால் பாட்டில் வாங்காமல் கோப்பைக் கணக்கில் கேளுங்கள். ஆனால் அந்தப் பாட்டிலை எப்போது திறந்தீர்கள் என்றும் கேட்டுவிடுங்கள். மூடிக் குளிர்பெட்டியில் வைத்த சிவப்பும் வெள்ளையும் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஸ்பார்க்லிங் மறுநாளே சோடா போன கலர் மாதிரி ஆகிவிடும்.